ஊரார் செய்யக் கூடியது

(சங்கத்தின் ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவ உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)





இவ்விழாவிலே பேசும்படி காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டபோது "இளைஞரும் ஒழுக்கமும்" என்ற தலைப்பைக் குறித்துத் தந்தார்கள். ஒழுக்கத்தைப் பற்றி என்னிலும் தகுதியுடையோர் இம்மேடையிலே பலமுறை பேசியிருக்கிறார்கள். ஆதலால் வேறொரு பொருளைப் பற்றிப் பேச அனுமதி வேண்டினேன். பொருள் இன்னதென்று கேட்டதும் சங்கப் பெரியவர் ஒருவர், "தம்பி, விளக்கேற்றுகிற நல்ல நாளிலே அந்தப் பேச்சு எதற்கு?" என்றார். "ஐயா, மற்ற நாட்களிலும் நாங்கள் அதைப் பேசுவதில்லையே" என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "சரி, பேசும். பிள்ளைகள் பயப்படாதபடி பேசும்" என்றார். அவர் இப்போது முன்வரிசையிலே இருக்கிறார். அவருடைய கட்டளையை மனத்திற் கொண்டே பேசுகின்றேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள், தற்கொலையைத் தடுப்பதில் ஊரார் செய்யக் கூடியது என்ன என்பதாகும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. சரசுவதி பூசைக்குத் தோரணம் கட்டியவர் அவர். சங்க அறிவித்தல்களை எல்லாம் தம் அழகிய கையெழுத்தால் எழுதித் தந்தவர் அவர். கரம் பலகையில் அவரை வென்றவர் நம்மில் இருவரோ மூவரோதான்.

அவர் ஏன் அவ்வாறு செய்தார் என்பது எனக்குத் தெரியாது. ஊருக்கு மட்டும் உடனே தெரிந்துவிட்டது. செத்தவீட்டுப் பந்தலின் கீழேயே மூன்று காரணங்களைக் கேட்டேன். பரீட்சை என்றார் ஒருவர். காதல் என்றார் இன்னொருவர். தகப்பனார் ஏசியது என்றார் மூன்றாமவர், அதுவும் தகப்பனாரின் காதில் விழும்படி. இவர்களில் ஒருவரேனும் அந்தக் கடைசி மாதத்தில் அவரோடு ஐந்து நிமிடம் இருந்து பேசியவரல்லர்.

நானும் பேசவில்லை. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு உபதேசம் செய்வது முறையன்று. ஒருநாள் மாலை வாசிகசாலையிலே அவர் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை நெடுநேரம் பார்த்தபடி இருந்தார். "என்ன, சுகமில்லையோ?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லை" என்றார். அந்த "ஒன்றுமில்லை"யை அப்படியே ஏற்றுக்கொண்டு நான் கரம் விளையாடப் போய்விட்டேன். இன்று இங்கு நின்று பேசுவதற்கு அந்த மாலைப் பொழுதே காரணம்.

நண்பர்களே, "விதி, யார் தடுக்க முடியும்?" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. தடுக்க முடியும் என்பதற்கு உலகமே எடுத்துக்காட்டும் சாட்சி நம்முடைய நாடுதான். 1950ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஆறேழு பேரே இவ்வாறு இறந்தனர். அத்தொகை ஏறிக்கொண்டே போய் 1995ஆம் ஆண்டில் இலட்சத்துக்கு 47 ஆயிற்று. அக்காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. பின்பு இறங்கத் தொடங்கியது. பத்தே ஆண்டில் பாதியாயிற்று. 2015ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 15 என்ற அளவுக்கு வந்தது.

எப்படி இறங்கியது? 1995க்குப் பின் நம் துன்பமெல்லாம் தீர்ந்துவிட்டதா? போர் நடந்த காலம் அது. வேலையின்மை இருந்தது, குடி இருந்தது, கடன் இருந்தது. தம்மைத் தாமே வருத்திக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்தவர்களின் தொகைகூட அந்தப் பத்தாண்டில் குறையவில்லை. வந்தவர்களுட் பலர் பிழைத்து வீடு திரும்பினர் என்பதே வேறுபாடு. கமத்திலே பயன்பட்ட கிருமிநாசினிகளுள் மிகக் கொடியவற்றை அரசாங்கம் படிப்படியாக நிறுத்தியதே அதற்குப் பெருங் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கின்றனர். 1984இல் சில, 1995இல் சில, 1998இல் ஒன்று, 2008 முதல் 2011 வரையில் மேலும் மூன்று என்று அவை கடைகளை விட்டு நீங்கின. மருந்தை நிறுத்தினால் விளைச்சல் விழுந்துவிடும் என்று அஞ்சியோரும் இருந்தனர். அப்படி விழவில்லை. 1995 முதல் 2015 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்நடவடிக்கைகளால் ஏறக்குறைய 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று ஒரு கணக்கு உண்டு. நம் ஊர் போன்ற எத்தனை ஊர்களின் சனத்தொகை அது என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கணக்கை நான் சொல்வது அரசாங்கத்தைப் புகழ்வதற்கன்று. இதனுள்ளே மனித மனத்தைப் பற்றிய ஓர் உண்மை இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் நிலைத்து நிற்பதில்லை. அது கடலலை போல எழும். சில மணி நேரத்தில், சில வேளை சில நிமிடங்களில், தணியும். நஞ்சருந்திப் பிழைத்தோரை நம் நாட்டு வைத்தியசாலைகளில் விசாரித்தபோது, அரை மணிநேரங்கூட யோசிக்கவில்லை என்று சொன்னவர்கள் பலர். பிழைத்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் பின்பு அவ்வழியில் இறப்பதுமில்லை. கலியாணம் முடித்து, பிள்ளை பெற்று, நம்மிடையே சாதாரணமாக வாழ்கின்றனர். ஆகையால் அந்த அரை மணிநேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்ற இரண்டும் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயங்கள்.

முதலாவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கின்றேன். வெங்காயத் தோட்டமும் மிளகாய்த் தோட்டமும் வைத்திருக்கும் வீடுகள் நம் ஊரிற் பல. மிஞ்சிய மருந்தைக் குசினி மூலையிலோ தாழ்வாரத்திலோ வைப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அநுராதபுரப் பகுதியில் 180 கிராமங்களை எடுத்து, அவற்றுட் பாதிக் கிராமங்களின் கமக்கார வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டிகள் கொடுத்து ஒரு பெரும் பரிசோதனை நடத்தினார்கள். 2017இல் முடிவு வெளியாயிற்று. பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடாத கிராமங்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. திறப்பு எங்கே தொங்குகிறது என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியுந்தானே! ஆதலால் வேண்டிய அளவை வேண்டிய நாளில் வாங்குவதும், மிச்சத்தை வீட்டில் வையாதிருப்பதுமே நல்லது. ஒரு வீட்டில் ஒருவர் மனமுடைந்திருக்கிறார் என்று அறிந்தால், அயலவர் ஒருவர் போய், "அண்ணை, அந்தப் போத்தலை என் தோட்டத்துக் கொட்டிலில் கொஞ்சநாள் வைக்கிறேன்" என்று கேட்டு வாங்கி வருவது இன்னும் நல்லது. மருந்துக் கடைக்காரரும், முகம் வாடிய இளைஞனோ குடித்திருப்பவரோ வந்து கேட்டால், "இப்போது இல்லை, நாளைக்கு வா" என்று சொல்லலாம். அந்த ஒரு பொய்யை ஆண்டவன் மன்னிப்பான்.

இரண்டாவதே என் பேச்சின் மையம். அதற்கு முன் நம் வாயைப் பற்றி ஒரு வார்த்தை.

1980ஆம் ஆண்டில் நம் வடபகுதியிலே பாடசாலை மாணவியர் இருவர் ஒரு விதத்தில் இறந்தனர். அதற்கு முன் அப்படி ஒருவர் இறந்தார் என்று கேள்விப்படுவது அரிது. என்ன செய்தார்கள், எதை உட்கொண்டார்கள் என்பது பத்திரிகைகளில் விவரமாக வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து அதே விதத்தில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்கு வருவோர் தொகை ஆண்டுக்காண்டு பெருகியது. பின்னர் தீவு முழுவதும் பரவி ஆயிரக்கணக்காயிற்று. அது எது என்று நான் இங்கு சொல்லப்போவதில்லை. தெரிந்த பெரியோரும் வீட்டிற்குப் போய்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றேன். ஒஸ்திரியா நாட்டு வியன்னா நகரிலே இதன் மறுபக்கத்தைக் கண்டார்கள். அங்கே சுரங்க ரயிலில் நிகழ்ந்த இவ்வகைச் சாவுகளைப் பத்திரிகைகள் படத்தோடும் தலைப்போடும் வெளியிட்டு வந்தன. 1987இல் அவ்வாறு எழுதுவதை அடக்கிக்கொண்டதும் அச்சாவுகள் பெரிதும் குறைந்தன.

இப்போது பத்திரிகைக்காரரை மட்டும் குறை சொல்ல இயலாது. நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பத்திரிகை இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் சகோதரரின் உடல் வீட்டுக்கு வருமுன்னே அவருடைய படமும், எப்படி இறந்தார் என்ற விவரமும் கைத்தொலைபேசிகளிலே ஊர்வலம் போயின. அனுப்பியவர்கள் கெட்டவர்களல்லர். கவலையினாலேதான் அனுப்பினார்கள். அது யாருடைய மகனின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

இங்கே ஒரு சந்தேகம் எழும். விவரித்துப் பேசுவது கேடு என்றால், ஒருவரிடம் நேரே போய், "சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று கேட்பதும் கேடல்லவா? இல்லாத எண்ணத்தை நாமே புகுத்தியதாகாதா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இதைப் பலர் ஆராய்ந்திருக்கின்றனர். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பெரும்பாலும் பாரம் இறங்குகிறது என்பதே அவர்கள் கண்டது. எண்ணம் இல்லாதவர், "சீ, அப்படி ஒன்றுமில்லை" என்று சிரிப்பார். எண்ணம் உள்ளவருக்கோ, தம் மனத்திலுள்ள சொல்லை இன்னொருவர் அஞ்சாமல் வாய்விட்டுச் சொன்னது பெரிய ஆறுதல்.

வாசிகசாலையிலே நான் கேட்டிருக்க வேண்டிய இரண்டாவது கேள்வி அது. "ஒன்றுமில்லை" என்றவரின் பக்கத்து வாங்கிலே நான் அமர்ந்திருக்க வேண்டும். "கொஞ்சநாளாக உன்னைப் பார்க்கிறேன். கரம் பலகைக்கு வருவதில்லை. சாப்பிடுகிறாயா, நித்திரை கொள்கிறாயா?" என்று கேட்டிருக்க வேண்டும். அவர் மௌனமாயிருந்தால் நானும் மௌனமாயிருந்து, பிறகு, "இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா?" என்று கேட்டிருக்க வேண்டும். ஆம் என்றால், "இன்று இரவு தனியே இருக்க வேண்டாம், நான் உன்னோடு வருகிறேன்" என்று சொல்லி, நம்பிக்கையான பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, மறுநாள் வைத்தியசாலையிலே மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருக்க வேண்டும். அதனால் அவர் பிழைத்திருப்பாரென்று நான் உறுதி கூறவில்லை. அது யாருக்கும் தெரியாது. கேட்டிருக்கலாம் என்பது மட்டுந்தான் எனக்குத் தெரியும்.

எல்லோரும் இவ்வாறு வாடிய முகத்தோடு இருப்பார்கள் என்றும் இல்லை. சிலர் திடீரென்று தம் பொருள்களைப் பிறருக்குக் கொடுப்பர். பழைய கடனைத் தீர்த்து விடைபெறுவதுபோற் பேசுவர். சிலர் குடியை அதிகமாக்குவர். "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று பகிடி போலச் சொல்லுவோரும் உண்டு. "சொல்லுகிறவன் செய்யமாட்டான்" என்று நம் ஊரில் ஒரு பேச்சிருக்கிறது. அது சுத்தப் பிழை. நம் நாட்டில் இவ்வாறு இறப்போரில் ஏறக்குறைய ஐவரில் நால்வர் ஆண்கள் என்பதையும் தகப்பன்மார் கவனிக்க வேண்டும். ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது என்று வளர்க்கின்றோம். அவன் அழாமலே போய்விடுகிறான்.

சொல்லத் தகாதன எவை? "உனக்கென்ன குறை?" என்பது ஒன்று. "அயல் வீட்டுப் பிள்ளையைப் பார்" என்பது மற்றொன்று. உயர்தரப் பரீட்சை முடிவு வரும் நாளில் வீடு வீடாகத் தொலைபேசி எடுத்து "எத்தனை ஏ?" என்று விசாரிக்கும் மாமாமார் நம்மிடையே பலர். அவர்கள் அன்று ஒருநாள் தொலைபேசியை அலுமாரியில் வைத்துப் பூட்டினால், அநுராதபுரத்துப் பெட்டியிலும் அந்தப் பூட்டுக்குப் பலன் அதிகம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

"அது மகாபாவம்" என்று சொல்வதும் உதவாது. நான் படித்தது மிஷன் பாடசாலையிலே. காலையில் அங்கு போதகர் ஐயா அதனைப் பாவம் என்றார். மாலையில் வீட்டில் ஆச்சியும் அதனையே பாவம் என்றார். இரு சமயத்தாரும் இவ்வளவு ஒற்றுமையாக வேறெதையும் சொல்ல நான் கேட்டதில்லை. ஆனால் நம் மொழியிலே "பாவம்" என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டல்லவா? "ஐயோ பாவம்" என்று சொல்லும்போது அது இரக்கமாகிவிடுகிறது. வேதனையிலிருப்பவர் காதில் அந்த இரண்டாவது பொருள் விழட்டும். ஏற்கெனவே தம்மைப் பயனற்றவர் என்று எண்ணுகிறவருக்கு, பாவியுமாவாய் என்று சொல்வதால் என்ன நன்மை?

இங்கிலாந்திலே சாட் வாரா என்று ஒரு குருவானவர் இருந்தார். 1935இல் இளங் குருவாயிருந்தபோது பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் அடக்கத்தை அவர் நடத்த நேர்ந்தது. பெண்பிள்ளைக்கு இயல்பாக வரும் உடல் மாற்றத்தைக் கொடிய நோயென்று எண்ணி, கேட்டறிய ஒருவரும் இல்லாமையால் அச்சிறுமி உயிரை விட்டாள். நம் வீடுகளில் சடங்கு செய்து கொண்டாடுகிற ஒன்றுக்காக அங்கே ஒரு குழந்தை இறந்தது. அதை மறவாத வாரா, 1953இல் இலண்டனிலே தம் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, துன்பமுற்றோர் யாரும் பேசலாம் என்று அறிவித்தார். கூட்டம் பெருகியது. காத்திருப்போருக்குத் தேநீர் கொடுக்கச் சிலர் உதவிக்கு வந்தனர். சில மாதத்தில் வாரா ஒரு புதுமையைக் கண்டார். தேநீர் கொடுத்தவரோடு பேசிவிட்டு, குருவைக் காணாமலே மனமாறி வீடு திரும்பினர் பலர்! அதன்பின் அப்பணியைத் தேநீர் கொடுத்தவர்களிடமே அவர் ஒப்படைத்தார். அவர்கள் உபதேசம் செய்வதில்லை, சமயம் மாற்றுவதில்லை, கேட்பார்கள். அந்த வழியைப் பின்பற்றியே நம் நாட்டில் 1974இல் சுமித்ரயோ என்ற அமைப்புத் தோன்றியது.

பெரியோர்களே, தேநீர் கொடுக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சங்கங்களுக்கும் குறைவில்லை. செத்தவீட்டுக்குப் பந்தல் போட மரண உதவிச் சங்கம் இருக்கிறது. பந்தலுக்கு முன்பே உதவுவதையும் அச்சங்கம் தன் விதிகளிற் சேர்க்கலாகாதா? நுண்கடன் கட்டமுடியாமல் வாரந்தோறும் வசூல்காரர் வரும் நாளில் ஒளிந்திருக்கும் தாய்மார் இருக்கின்றனர். அந்த நாளில் மாதர் சங்கத்தார் இருவர் போய் அவ்வீட்டுத் திண்ணையில் இருந்தாற் போதாதா? குடித்த கணவனுக்குப் பயந்து ஓடிவருகிற பெண்ணை "பொறுத்துப் போ" என்று திருப்பி அனுப்புவதை நிறுத்தலாகாதா?

பொலிசுக்குப் பயந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தயங்கும் வீடுகள் இன்னமும் உண்டு. உயிரை மாய்க்க முயல்வது நம் நாட்டிலே 1998ஆம் ஆண்டு முதல் குற்றமன்று. இதை ஊருக்கெல்லாம் சொல்லுங்கள். காலம் தாழ்த்தாமல் கொண்டுபோங்கள். திரும்பி வந்தவரைப் பார்க்கப் போனால், ஏன் செய்தாய் என்று விசாரணை வைக்காமல், தோடம்பழம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிவிட்டு வாருங்கள். அதன்பின் வரும் வாரங்களிலேதான் அவருக்குத் துணை மிகவும் தேவை, மறுபடியும் போங்கள்.

தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி எண் 1926. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். இம்மண்டபத்திலேயே இருக்கிற ஒருவருக்கு அது வேண்டியிருக்கலாம். யாரென்று நாம் திரும்பிப் பார்க்க வேண்டாம், எல்லோரும் குறித்துக்கொள்வோம். வாசிகசாலைச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க அனுமதி பெற்றிருக்கின்றேன். என் கையெழுத்து அவருடையதைப்போல அழகாயிராது.

கடைசியாக ஒன்று. நம் சகோதரர் இறந்து முப்பத்தோராம் நாளுக்குப் பின் அவ்வீட்டுப் படலை திறக்கும் சத்தத்தைக் கேட்பதே அரிதாயிற்று என்று அவருடைய தாயார் என்னிடம் சொன்னார். என்ன பேசுவதென்று தெரியாமல் நாமெல்லாம் வேறு ஒழுங்கையாற் போனோம். நான் சென்ற மாதந்தான் போனேன். இரண்டு மணிநேரம் இருந்தேன். நான் பேசியது மிகச் சொற்பம். அவர் மகன் சிறுவயதில் மாங்காய் திருடியதைச் சொல்லிச் சிரித்தார்; பிறகு அழுதார்; பிறகு கோப்பி ஊற்றித் தந்தார். புறப்படும்போது, "தம்பி, எல்லோரும் அவன் செத்ததைப் பேசுகினம். அவன் இருந்ததை ஒருவரும் பேசுகினமில்லை" என்றார்.

அவ்வாண்டு நம் மலரிலே, மறைந்த உறுப்பினர் பட்டியலில் நால்வர் பெயர் இருந்தது. ஐந்தாவது பெயர் இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை. எப்படி எழுதுவதென்று தெரியாமல் விட்டார்கள். தாயாரின் சம்மதத்தோடு மூன்று வரி எழுதி மலர்க் குழுவினரிடம் கொடுத்திருக்கின்றேன். அவருடைய பிறந்த ஆண்டு, அவர் எழுதிய அறிவித்தல்கள், கரம் பலகை ஆகிய இவை மட்டுமே அதில் உண்டு. இவ்வாண்டு மலரில் அந்த இடத்தை ஒதுக்கித் தரும்படி தலைவர் அவர்களை இச்சபையின் முன் கேட்டு அமர்கின்றேன்.